குளக்கட்டை வெட்டி மண்மூடை நிரப்பாதீர்கள்

மாசி மாதம், மாலை ஆறரை மணி இருக்கும். கிழக்கிலங்கையில், சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை. வாசலில் ஒன்பது உழவு இயந்திரங்கள் பெட்டி நிறைய மூடைகளோடு வரிசையில் நிற்கின்றன. நான் எழுதிய மென்பொருள் நிரலில் ஓடும், நிறுவைச் சீட்டு அடிக்கும் கணினி ஒரு விவசாயியின் அடையாள அட்டை இலக்கத்தை ஏற்க மறுத்து, சிவப்புப் பெட்டி ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஆலை முதலாளி ஹாஜியார் தொலைபேசியில் கோபப்படவில்லை. "தம்பி, எத்தனை மணிக்குச் சரியாகும்?" என்று மட்டும் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

காரணம் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், மொத்தம் பத்து. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். நானோ அந்தப் பகுதியை 2015இல் எழுதிய வேறொரு நிரலிலிருந்து அப்படியே தூக்கி வைத்திருந்தேன். பத்துக்கு மேல் அது ஏற்காது. நான் இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து சம்மாந்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். "முதல் பத்து இலக்கத்தை மட்டும் அடியுங்கள்" என்று எழுதுவினைஞரிடம் சொன்னேன். வரிசை நகர்ந்தது. நான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

மறுவாரம் இலக்கம் பதியும் பெட்டியைப் பன்னிரண்டுக்கு அகலப்படுத்தினேன். ஆனால் அந்த ஏழு நாளில் பதிந்தவர்களின் கடைசி இரண்டு இலக்கங்கள் போனவை போனவைதான். அவர்களையும் கண்டுபிடிக்க வேண்டுமே என்று, முதல் பத்து இலக்கம் பொருந்தினால் ஒரே ஆள் என்று கொள்ளும்படி இன்னொரு வரி சேர்த்தேன். சிறுபோகத்தில் வினை வந்தது. இரட்டைச் சகோதரர்கள் இருவர், பள்ளிக்கூடத்தில் ஒன்றாக விண்ணப்பித்து அடுத்தடுத்த இலக்கத்தில் அட்டை பெற்றவர்கள். பிறந்த ஆண்டு ஒன்று, நாள் ஒன்று, வேறுபடுவது கடைசி இரண்டு இலக்கம் மட்டும். தம்பியின் நெல் முழுக்க அண்ணனின் கணக்கில் ஏறியிருந்தது. இருவரும் நல்லவர்கள், சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவர்களின் மனைவிமார் சிரிக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் அவசர வேலை செய்தது பிழையில்லை. அதே ஐந்து நிமிடத்தில், "பெயரை மட்டும் வைத்துப் பதியுங்கள், முழு இலக்கத்தையும் 'குறிப்பு' என்ற பெட்டியில் எழுதுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் ஒட்டுப்போட்ட வேலைதான். ஆனால் எதுவும் தொலைந்திருக்காது. என் மாமா வட்டவிதானையாக, அதாவது குளத்து நீர்ப்பாசனத்தைக் கவனிப்பவராக இருந்தவர். மாரியில் குளக்கட்டு உடைந்தால் எல்லோரும் ஓடிப்போய் மண்மூடை அடுக்குவார்கள், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் மூடைக்கு வேண்டிய மண்ணை அந்தக் கட்டிலிருந்தே வெட்டுகிறவனை மாமா அடிக்காத குறையாக விரட்டுவார்.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிப்பை முடித்துவிட்டு, கடைக்கும் ஆலைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் மென்பொருள் எழுதும் சிறிய நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழைப்பு வரும்போது என்ன செய்வது என்பதை, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம்

எதையும் திருத்தாதீர்கள். எது நின்றுவிட்டது, யார் காத்திருக்கிறார்கள், எத்தனை மணிவரை தாக்குப்பிடிக்கும் என்ற மூன்றையும் கேட்டுத் தாளில் எழுதுங்கள். "அவசரம்" என்று வரும் அழைப்புகளில் பாதி, நாளை காலை வரை காத்திருக்கக் கூடியவை. மீதியில் சில, கையால் பற்றுச்சீட்டு எழுதிச் சமாளிக்கக் கூடியவை. கடைக்காரருக்கு அது நன்றாகவே தெரியும், நாம் கேட்காததால் சொல்லமாட்டார்.

பிறகு தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதியை வைத்துக்கொண்டு தைரியமாக இருந்த நண்பர்களை எனக்குத் தெரியும்.

அதன்பின் அதே பிழையை உங்கள் கணினியில் வரவழையுங்கள். வரவழைக்க முடியாத பிழையை நீங்கள் திருத்தவில்லை, அது கொஞ்சநேரம் ஒளிந்திருக்கிறது. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் திருத்தம் எங்கே போய் விழுகிறது?

முழு வேலையிலும் மெதுவாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். "இதை விரைவாக முடிக்கலாமா, முறையாகச் செய்ய வேண்டுமா?" என்று புதியவர்கள் என்னிடம் கேட்கும்போது, நான் திருப்பிக் கேட்பது: திரையில் விழுகிறதா, கணக்கில் விழுகிறதா, சேமித்த தரவில் விழுகிறதா?

திரை என்றால் யோசிக்காதீர்கள். எழுத்துப்பிழை, பிரிண்டரில் ஓரம் வெட்டுப்படுவது, பொத்தான் இடம் மாறி நிற்பது, இவற்றை எப்படியாவது சரிசெய்யுங்கள். நாளைக்குப் பிடிக்காவிட்டால் மாற்றலாம், நேற்றைய நாளுக்கு எந்தச் சேதமும் இல்லை.

கணக்கு என்றால் கொஞ்சம் கவனம். கல்முனையில் ஒரு கட்டடப் பொருள் கடைக்கு நான் எழுதிய நிரலில் வற் எனும் பெறுமதி சேர் வரி எட்டு வீதம் என்று அங்கங்கே நேரடியாகப் பதித்திருந்தேன். 2019 டிசம்பரில் பதினைந்திலிருந்து எட்டாகக் குறைத்திருந்தார்கள். இனி கொஞ்சக் காலம் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை. 2022 ஜூன் 1 அன்று பன்னிரண்டு ஆனது. நிரல் முழுவதும் எட்டைத் தேடிப் பன்னிரண்டாக மாற்றினேன். இருபது நிமிட வேலை, வீட்டில் இடியப்பம் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் கடைக்காரர் அழைத்தார்: பெயின்ட் வாங்குகிறவர்களுக்கு அவர் கொடுத்துவந்த எட்டு வீத விலைக்கழிவும் பன்னிரண்டாகியிருந்தது! அன்று கல்முனையில் பலர் வீட்டுக்கு வெள்ளையடித்திருப்பார்கள்.

அது சிரித்து மறக்கக்கூடியது. மறக்க முடியாதது ஜூலையில் வந்தது. மே மாதம் வாங்கிய குழாயைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வந்தார். பழைய பற்றுச்சீட்டை மறுபடி அச்சிட்டால், அதில் பன்னிரண்டு வீத வரி. நிரல் பழைய சீட்டையும் இன்றைய வீதத்தில் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. செப்டம்பர் 1இல் வரி பதினைந்தாக மாறியபோது நான் பாடம் படித்திருந்தேன். எந்தத் திகதியிலிருந்து எந்த வீதம் என்று ஓர் அட்டவணை, ஒவ்வொரு சீட்டிலும் அன்று அறவிட்ட வீதமும் தொகையும் அப்படியே சேமிப்பு. 2024 ஜனவரி 1இல் பதினெட்டு ஆனபோது அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

"இது மாறவே மாறாது" என்று யாராவது சொன்னால், இலங்கையின் கடிகாரமே 1996இல் இரண்டு தடவையும் 2006இல் ஒரு தடவையும் மாறியது என்று சொல்லுங்கள்.

தரவைத் தொடும்போது

சேமித்த தரவில் விழுகிற திருத்தம் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். நிரலை எத்தனை தடவையும் திருப்பி எழுதலாம். தொலைத்த தரவை எழுதித் தருவதற்கு ஆள் இல்லை.

அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம், நம் நாட்டில் நிரல் எழுதுகிற எவரும் இதில் ஒரு தடவையாவது விழுவார். அதில் பிறந்த ஆண்டு இருக்கிறது, அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் ஐந்நூறு கூட்டியிருக்கும். சரி, ஆண்டின் முதல் நாளிலிருந்து எண்ணிப் பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதுவீர்கள். சோதித்தால், பலருக்கு ஒரு நாள் கூடுதலாக வரும். உடனே கை துருதுருக்கும்: ஒன்றைக் கழி. கழித்தால் இப்போது தை மாதத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு நாள் குறையும். அவர்களுக்கு மட்டும் கழிக்காதே என்று இன்னொரு நிபந்தனை. பிறகு 1988இல் பிறந்த ஒருவர் வருவார், அவருக்கும் பிழை.

உண்மைக் காரணம் இதுதான்: இந்த இலக்க முறை எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எண்ணுகிறது. 1985 மார்ச் 1இல் பிறந்தவரின் நாள் எண் 61. சாதாரணமாக எண்ணினால் 1985இன் 61ஆம் நாள் மார்ச் 2. ஆகவே லீப் ஆண்டு ஒன்றை, உதாரணமாக 2000ஐ, எடுத்து அதில் நாளை எண்ணி, மாதத்தையும் திகதியையும் மட்டும் பெற்று, பிறகு உரிய ஆண்டைப் பொருத்துங்கள். நிபந்தனைகள் எல்லாம் மறைந்து மூன்று வரியாகச் சுருங்கிவிடும். முறையான வேலை பெரும்பாலும் இப்படித்தான் சிறியதாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்கு ஆகும் நேரம்தான் பெரியது.

இப்போது சங்கம் ஒன்றின் மூவாயிரம் உறுப்பினருக்கு ஒன்றைக் கழித்த திகதி ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் வைத்திருந்தீர்கள் என்றால் ஓர் இரவில் எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிடலாம். திகதி மட்டும்தான் இருக்கிறது என்றால், மூவாயிரம் பேருக்கும் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர்களில் சிலர் இறந்திருப்பார்கள். அதனால் என் வழக்கம்: ஆட்கள் தந்ததைத் தந்தபடியே ஒரு பெட்டியில் வைப்பேன். நான் கணக்கிட்டது அதற்குப் பக்கத்தில் வேறொரு பெட்டியில் இருக்கும்.

பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்றி வைக்கும்போதும் அப்படியே. முன்னால் 19 சேர்த்து, நாள் எண்ணுக்குப் பின்னால் ஒரு சுழியம் செருகி, கடைசி எழுத்தை நீக்கினால் பன்னிரண்டு இலக்கம் வந்துவிடும். ஒரே ஆள் இரண்டு அட்டையோடு இரண்டு பேராகப் பதிவாவதைத் தடுக்க இது நல்லது. ஆனால் அவர் காட்டிய பழைய இலக்கத்தையும் அழிக்காதீர்கள், அவருடைய வங்கிப் புத்தகத்தில் இன்னும் அதுதான் இருக்கும்.

தமிழ் எழுத்திலும் இதே பள்ளம் உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பெயர்கள் இன்றும் நம் அலுவலகக் கணினிகளில் ஏராளம். திரையில் 'மட்டக்களப்பு' என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய்விடும், தேடவும் முடியாது, அகரவரிசையும் வராது. "இப்போதைக்கு அப்படியே விடலாம், அச்சில் சரியாகத்தானே வருகிறது" என்று சொல்லும் மூத்தவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. புதிதாகப் பதிவது முதல் நாளிலிருந்தே, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யுனிகோடில்தான். பழையதை மாற்றும்போது மூலத்தின் பிரதி ஒன்றும் பத்திரமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பெட்டியில் பாதி ஆங்கிலமும் பாதி பாமினியுமாகக் கலந்து அடித்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

யுனிகோடுக்கு வந்த பிறகும் ஒரு சிறு வேலை மிச்சம். 'கொக்கட்டிச்சோலை' என்று தேடினால் பாதிப் பேர் வராமல் போகலாம். 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. இரண்டு விதமாகவும் தேடும்படி ஒட்டுப்போடாதீர்கள். பதியும் வாசலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இந்த மாற்றத்தில் எதுவும் தொலையாது, ஆகவே பயமின்றிச் செய்யலாம். பெட்டியின் நீளத்தை நிர்ணயிக்கும்போதும் நினைவிருக்கட்டும்: 'மட்டக்களப்பு' நமக்கு எட்டு எழுத்து, யுனிகோடில் பன்னிரண்டு குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 வடிவத்தில் 36 பைட்.

மூடை அடுக்குவது என்று முடிவானால்

வெட்கப்படாமல் அடுக்குங்கள், ஆனால் அடையாளத்தோடு. ஒட்டு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நிரலுக்குள் திகதி, காரணம், எது நடந்தால் இதை நீக்கலாம் என்ற மூன்றும் எழுதப்பட வேண்டும். "தற்காலிகம்" என்று மட்டும் எழுதுவது ஒன்றும் எழுதாததற்குச் சமம். நான் எழுதியிருக்க வேண்டியது இப்படி: "12 இலக்க அடையாள அட்டை பெட்டியில் கொள்ளவில்லை. முழு இலக்கம் 'குறிப்பு' பெட்டியில் உள்ளது. பெட்டி அகன்றதும் அங்கிருந்து நகர்த்திவிட்டு இந்த வரியை நீக்குக." இதை வாசிப்பவர் நீங்களாகவே இருப்பீர்கள், எட்டு மாதம் கழித்து, ஒன்றும் நினைவில்லாமல்.

பழைய பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள். தொலைநகல் இலக்கத்துக்கு இருந்த பெட்டியில் வாட்ஸ்அப் இலக்கத்தைப் போடுவது நம் ஊரில் சர்வசாதாரணம். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாத ஒரு பழைய கொடியை, அதாவது நிரலின் ஒரு பகுதியை இயக்கும் குறியை, புதிய வேலைக்கு எடுத்தது. எட்டு சேர்வர்களில் ஒன்றில் புதிய நிரல் ஏறவில்லை. 2012 ஆகஸ்ட் 1 காலை அந்த ஒன்றில் கொடி பழைய நிரலை எழுப்பிவிட்டது. 45 நிமிடத்தில் 440 மில்லியன் டொலருக்கும் மேல் நட்டம். நமது கடைகளில் அவ்வளவு காசு இல்லை, அதனால் நாம் தப்பிக்கொண்டிருக்கிறோம்.

முதலாளியிடமும் மூத்தவரிடமும் சொல்வது

வார்ட் கன்னிங்காம் என்ற நிரலாளர் 1992இல், முதிராத நிரலை வெளியிடுவதைக் கடன் வாங்குவதோடு ஒப்பிட்டார். அதிலிருந்துதான் 'தொழில்நுட்பக் கடன்' என்ற சொல் பரவியது. மோசமாக எழுதலாம் என்று அவர் சொல்லவில்லை. இன்று தெரிந்த அளவில் எழுதி வெளியிடுங்கள், பயன்பாட்டில் கற்றுக்கொண்டதை வைத்து விரைவில் திருத்தி எழுதிக் கடனை அடையுங்கள் என்பதுதான் அவர் கருத்து. விதைப்புக்கு உரத்தைக் கடனாக எடுத்து, சூடு அடித்ததும் அடைக்கிற விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. போகம் போகமாக அடைக்காமல் விட்டால் வயல் யார் கைக்குப் போகும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆகவே ஹாஜியாரிடம் தொழில்நுட்பம் பேச வேண்டாம். "இன்று இரவு ஓடும்படி செய்து தருகிறேன். அறுவடை முடிந்ததும் இரண்டு நாள் தாருங்கள், இல்லாவிட்டால் அடுத்த போகத்தில் ஆள் மாறிக் காசு போகும்" என்று சொல்லுங்கள். சொன்னதை அன்றே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்புங்கள். அவர் வாசிக்காவிட்டாலும் திகதி இருக்கும்.

அலுவலகத்தில் மூத்தவர் "சும்மா மாற்றிவிடு" என்று சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். "அண்ணா, இது தரவைத் தொடுகிறது. பிரதி எடுத்துவிட்டுச் செய்யட்டுமா?" என்று கேட்டால் போதும். இதற்கு "வேண்டாம்" என்று சொன்ன அண்ணனை நான் இதுவரை காணவில்லை.

ஒட்டை நீக்கி முறையாகச் செய்யத் திரும்பிப் போவதற்கும் ஒரு காலம் உண்டு. பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் ஆலை நிரலில் கை வைக்காதீர்கள். அது முடிந்து சிறுபோக நெல் வருவதற்குள் உள்ள இடைவெளியில் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைகள் என்றால் சித்திரைப் புத்தாண்டும் பெருநாளும் கழிந்தபின்.

'முறையாக' என்ற நோய்

இதுவரை ஒட்டுவேலையைத்தான் திட்டினேன். புதியவர்களிடம் எதிர்ப்பக்க நோயும் உண்டு. "அண்ணா, இந்த நிரல் முழுக்கக் குப்பை, முதலிலிருந்து எழுதிவிடலாம்" என்று இரண்டாவது வாரமே வந்து நிற்பார்கள். நெட்ஸ்கேப் 1998இல் தன் உலாவியை முதலிலிருந்து எழுத முடிவெடுத்தது. நான்காம் பதிப்புக்கு அடுத்து வெளிவந்தது ஆறாம் பதிப்பு, 2000 நவம்பரில். அதற்குள் பயனாளர்கள் பெரும்பாலும் மைக்ரோசொப்ட் பக்கம் போய்விட்டார்கள். குப்பையாகத் தெரியும் வரிகளில் பல, யாரோ ஒருவர் மாலை ஆறரை மணிக்குக் கண்டுபிடித்த உண்மைகள்.

எனக்குப் பிடித்த வழி நம் கல்லடியில் இருக்கிறது. 1924இல் கட்டிய ஒருவழிப் பாலம் போதாமல் போனபோது, அதை இடித்துவிட்டு எல்லோரையும் தோணியில் போகச் சொல்லவில்லை. பழைய பாலத்தில் பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதைக் கட்டி, 2013இல் திறந்தார்கள். நிரலிலும் ஒரு பகுதியை மட்டும் பக்கத்தில் புதிதாக எழுதுங்கள். சில நாள் இரண்டையும் ஓடவிட்டு, இரண்டின் விடையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பிறகு போக்குவரத்தைத் திருப்புங்கள். ஆலையின் அடையாள அட்டைப் பகுதியை நான் அப்படித்தான் மாற்றினேன். இரண்டு நாள் கேட்டிருந்தேன், நான்கு நாள் ஆனது.

வெட்டுப்பட்ட இலக்கங்களை மீட்க வேறு வழி இருக்கவில்லை. பட்டியலை அச்சிட்டு ஆலை வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களிடம் அட்டையை வாங்கிப் பார்த்து ஒவ்வொன்றாக நிரப்பினேன். இரட்டையரில் தம்பி வந்தபோது அட்டையை நீட்டவில்லை. பன்னிரண்டு இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னார், கடைசி இரண்டைக் கொஞ்சம் அழுத்தி.